பத்திரத்திலே ஒரு பாட்டி

விக்டோரியா மகாராணி 1861-ம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி விதவையானாள். 1901-ம் வருஷம் ஜனவரியில் தான் கண்ணை மூடும் வரையில் சுமார் 40 வருஷம் அவள் கறுப்பு உடையைக் களையவே இல்லை. அந்த அம்மையார் எழுதிய தினக்குறிப்புகள் இருக்கின்றன, கடிதங்கள் இருக்கின்றன, புகைப்படங்களுக்கும் குறைவில்லை. அவளுடைய துக்கத்தின் எந்த நாள் எவ்விதம் கழிந்தது என்று கேட்டாலும் இன்றைக்கும் பதில் கிடைக்கும்.

அதே மகாராணியின் ஆட்சியில் செங்கற்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலூகாவில், கொசஸ்தலை ஆற்றோரம் இருக்கும் வள்ளூரிலும் விதவைகள் இருந்தார்கள். அவர்கள் நம்முடைய பாட்டிமார்கள்; பாட்டிக்குப் பாட்டிமார்கள். இவர்களில் ஒருத்தியின் பெயர் என்ன, எந்த ஊரில் பிறந்தாள், புருஷன் போன பிறகு எதைத் தின்று உயிர் வைத்திருந்தாள் என்று கேட்டால், அவள் வயிற்றில் பிறந்த வம்சத்தாரே விழிக்கிறார்கள். "யாரோ ஒரு மொட்டைப் பாட்டி இருந்தாளாம்" என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை.

இதை இப்பொழுது எழுதுவதற்குக் காரணம் உண்டு. வள்ளூரும் அத்திப்பட்டும் எண்ணூரும் கும்மிடிப்பூண்டியும் இன்று மின்சார நிலையங்களும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த பிரதேசம். நிலம் கைமாறும் இடத்தில் எல்லாம் "தாய்ப் பத்திரம் எங்கே?" என்ற கேள்வி பிறக்கிறது. உடனே பரண்மேல் கிடந்த தகரப் பெட்டி இறங்குகிறது. பழுப்பேறிய காகிதங்களை வக்கீலிடம் கொண்டு போய்ப் பிரதி எடுத்துக்கொண்டு, காரியம் முடிந்ததும் அசலை எங்கேயாவது போட்டுவிடுகிறார்கள். அந்தக் காகிதங்களுக்குள் ஒரு பாட்டி இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இங்கிலாந்திலே அந்தக் காலத்து ஏழை விதவை ஒருத்தியைத் தேடுவது அவ்வளவு கடினமான காரியம் அல்ல. 1837-ம் வருஷம் ஜூலை முதல் பிறப்பு, விவாகம், மரணம் மூன்றும் அங்கே சர்க்கார் புத்தகத்தில் ஏறியிருக்கின்றன. 1841 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு முறை எடுத்த ஜனக் கணக்கில் வீட்டுக்கு வீடு, பெயருக்குப் பெயர் பதிந்து வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை துணி வெளுத்தாள், அடுத்த தடவை தரை துடைத்தாள், அதற்கடுத்த தடவை ஏழைகள் விடுதியில் இருந்தாள் என்று, வாழ்க்கையின் படிகளைப் பத்துப் பத்து வருஷமாக இறங்கி வந்து பார்த்துவிடலாம். ஏழை விடுதியின் வாழ்க்கை நரகந்தான். ஆனால் அந்த நரகத்திலும் கணக்குப்பிள்ளை ஒருவன் இருந்தான்!

நம் நாட்டிலும் ஜனக் கணக்கு எடுத்தார்கள். சென்னை ராஜதானியில் 1871-ம் வருஷத்திலும், தேசம் முழுவதிலும் ஒரே சமயமாக 1881-ம் வருஷம் பிப்ரவரி மாதத்திலும் எடுத்தார்கள். விதவைகள் இத்தனை பேர் என்று வயது வாரியாகவும் ஜாதி வாரியாகவும் கூட்டிப் பெருக்கி அச்சிட்டார்கள். கூட்டல் முடிந்ததும் பெயர் எழுதிய மூலத்தாள்களைப் போற்றி வைக்கவில்லை. ஆகையால் நம்முடைய பாட்டி அந்தக் கணக்கில் ஓர் எண்ணாக இருக்கிறாள்; ஆளாக இல்லை.

அப்படியானால் எங்கே தேடுவது? முதலில் வீட்டிலேயே தேட வேண்டும்.

பெயரைக் காப்பதற்கு நம்மவர்களிடம் இருந்த ஏற்பாடு காகிதம் அல்ல, வாய். பேரனைப் 'பெயரன்' என்றும் பேர்த்தியைப் 'பெயர்த்தி' என்றும் தமிழ் சொல்வதன் தாத்பரியம் என்ன? பாட்டனுடைய பெயரையும் பாட்டியினுடைய பெயரையும் தரிப்பவர்கள் என்பதே. குடும்பத்தில் ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் ஒரே பெண் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்தால், மறந்துபோன பாட்டியின் பெயரை ஓரளவு ஊகித்துவிடலாம். ஊகந்தான், நிச்சயம் என்று கொள்ளக் கூடாது. ஒரே பெயருடைய இரண்டு பாட்டிகளை ஒருத்தியாகக் குழப்பிவிடும் அபாயமும் இதில் இருக்கிறது.

பிராம்மண வீடுகளில் இன்னொரு சாட்சி உண்டு. தர்ப்பணம் செய்பவர் தகப்பன், பாட்டன், முப்பாட்டன் பெயர்களோடு தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்களையும் கோத்திரத்துடன் சொல்லுகிறார். உயிரோடு இருந்த வரையில் "அடியே" என்றும் "மொட்டை" என்றும் கூப்பிடப்பட்ட ஸ்திரீயின் சொந்தப் பெயர், அவள் இறந்த பிறகு அமாவாசைதோறும் மரியாதையுடன் உச்சரிக்கப்படுகிறது! ஆனால் இது மூன்று தலைமுறைக்குத்தான். நான்காவது தலைமுறை வந்ததும் மேலே இருக்கும் பெயர் நழுவி விழுகிறது. விக்டோரியா காலத்து விதவைகளின் பெயர்கள் அநேகமாக நழுவி விழுந்தாயிற்று. வயது முதிர்ந்த வைதிகர்களிடமும், பெரியப்பாமார்களின் பழைய நோட்டுப் புத்தகங்களிலும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மாதா கோயிலின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. அவர்கள் பாக்கியசாலிகள்.

உழைத்துப் பிழைக்கும் பல ஜாதிகளில் விதவை மறுமணம் செய்துகொள்வது வழக்கத்தில் இருந்தது. 'அறுத்துக் கட்டுதல்' என்று அதற்குப் பெயர். அப்படிக் கட்டிக்கொண்டவள் இரண்டாவது புருஷனுடைய பெயருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறாள். முதல் வீட்டார் அவளைப் பேசுவதில்லை. இரண்டாம் வீட்டார் அவளுடைய பழைய கதையைப் பேசுவதில்லை. 1856-ம் வருஷத்து விதவா விவாகச் சட்டம் மறுமணத்துக்கு வழிவிட்ட அதே கையினால், மறுமணம் செய்தவளுக்கு முதல் புருஷனுடைய சொத்தில் பாத்தியதை இல்லை என்றும் எழுதிவிட்டது. சொத்து போனதும் காகிதமும் போயிற்று.

வீட்டுப் பேச்சில் தேதி வரும்போது ஜாக்கிரதை வேண்டும். "தாது வருஷத்தில் தாலியறுத்தாள்" என்று ஒரு கிழவர் சொன்னால், அது 1876-ம் வருஷத்துத் தாதுவா, 1936-ம் வருஷத்துத் தாதுவா? 60 வருஷச் சக்கரத்தில் பெயர் ஒன்றுதான். ராத்திரி விளக்குக்குப் புன்னை எண்ணெயா, மண்ணெண்ணெயா, பக்கத்தில் ரயில் ஓடிற்றா என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தால் எந்தத் தாது என்பது பிடிபட்டுவிடும்.

நிற்க. வீட்டுப் பேச்சை விட்டுப் பெட்டிக்கு வருவோம்.

ஏழை விதவை எழுதியவை என்று ஒன்றும் இராது. அவளுக்காக மற்றவர்கள் எழுதியவைதான் இருக்கும். அவையும், யாராவது ஒருவருடைய பணத்தை அவள் தொட்ட இடத்தில்தான் இருக்கும். இதை மனத்தில் கொண்டால் தேடுவது சுலபமாகிறது.

அக்காலத்துச் சட்டப்படி, பாகம் பிரியாத குடும்பத்தின் விதவைக்கு ஜீவனாம்சம் மட்டும் உண்டு. அதாவது சோறும் துணியும். பாகம் பிரிந்த புருஷன் பிள்ளையில்லாமல் இறந்தால் சொத்து அவளுக்கு வரும். ஆனால் அவள் ஆயுள் வரையில்தான். அவளுக்குப் பிறகு அது புருஷனுடைய அடுத்த வாரிசுகளைச் சேரும். நடுவில் விற்க வேண்டுமானால் தக்க அவசியம் இருக்க வேண்டும். விற்றவள் விதவையோ, மைனர் பிள்ளைக்காக நிர்வகிக்கும் தாயோ ஆனால், வாங்குபவன் அவசியம் இருந்ததா என்று விசாரித்திருக்க வேண்டும். 1856-ம் வருஷத்தில் ஹனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் பிரிவி கவுன்ஸில் சொன்ன தீர்ப்பு இதற்கெல்லாம் அஸ்திவாரம்.

இந்தக் கடுமையான சட்டத்தினால் விளைந்த ஒரு நன்மை நமக்குத்தான் கிடைத்திருக்கிறது! ஆண்பிள்ளை நிலத்தை விற்றால் "எனக்கு வேண்டிய ரொக்கம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிவிட்டுப் போவான். விதவை விற்றால் ஏன் விற்கிறாள் என்று பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். புருஷன் வைத்துவிட்டுப் போன கடன், அவனுடைய உத்தரக்கிரியைச் செலவு, பெண்ணின் விவாகம், சர்க்கார் கிஸ்தி பாக்கி, தன் வயிற்றுப் பிழைப்பு எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். வேறு எங்கும் பேசாத அந்த ஸ்திரீ கிரயப் பத்திரத்தில் மட்டும் தன் கஷ்டத்தைச் சொல்லுகிறாள்.

சொல்லுகிறாளா, சொல்ல வைக்கிறார்களா என்பது வேறு விஷயம். வாங்குபவனுடைய பத்திரத்துக்காகவே இந்தக் காரணங்களைப் பத்திர எழுத்தர் பாடம்போல எழுதிவிடுவதும் உண்டு. ஆகவே பத்திரத்தை மேலிருந்து கீழே வாசிப்பதோடு நிறுத்தாமல், அடியிலிருந்து மேலேயும் வாசிக்க வேண்டும். வாங்கியவர் யார்? புருஷனுடைய தம்பியாக இருக்கிறாரா? சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார்? பங்காளிகளே சாட்சி போட்டிருந்தால், பின்னால் வழக்குத் தொடுக்க மாட்டோம் என்று சம்மதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறந்த வீட்டு மனிதன் ஒருவனாவது சாட்சியில் இருக்கிறானா? இருந்தால் அவனுடைய ஊர்தான் அவள் பிறந்த ஊர் என்று கொள்ள இடமுண்டு. கடன் தீர்த்ததாக எழுதியிருந்தால், ரத்தான கடன் பத்திரமும் அதே பெட்டியில் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பத்திரத்தின் கடைசியில் அவளுடைய கீறல் இருக்கும். ஒரு குறுக்குக் கோடு, அல்லது ஒரு சிறு வட்டம். "இது இன்னார் கீறல்" என்று பக்கத்தில் எழுதியவர் எழுதியிருப்பார். பிற்காலத்துப் பத்திரமானால் இடது பெருவிரலின் ரேகை. அதே காகிதத்தின் தலைப்பில், முத்திரைக்குள், முடி தரித்த விக்டோரியா மகாராணியின் முகம். இரண்டு விதவைகள் ஒரே காகிதத்தில் சந்தித்துக்கொண்டது அநேகமாக இந்த ஓர் இடத்தில்தான்.

ஒரு கஷ்டம் உண்டு. 1865-ம் வருஷத்தின் ஆரம்பத்திலிருந்து நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள கிரயங்களைத்தான் கட்டாயமாகப் பதியச் சொல்லிற்று. ஏழை விதவை விற்கும் கால் காணியோ, ஒற்றைக் குடிசை மனையோ 100 ரூபாய்க்கு எங்கே போகும்? அதனால் மிகவும் ஏழையானவளுடைய பத்திரத்துக்குச் சர்க்கார் பிரதி கிடையாது. பெட்டியில் இருக்கும் ஒற்றைக் காகிதம் செல்லரித்தால் அவளும் சேர்ந்து அரிக்கப்படுகிறாள். தகரப் பெட்டியைப்பற்றி இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

சொந்தப் பெட்டியில் கிடைக்காவிட்டால் அடுத்த நிலத்துக்காரருடைய பெட்டியைப் பார்க்கலாம். நிலப் பத்திரங்களில் நான்கெல்லை எழுதுவார்கள் அல்லவா? "இன்னாருடைய விதவை நிலத்துக்கு வடக்கு, ஏரிக்கால்வாய்க்குத் தெற்கு" என்று எழுதிய செக்குபந்தியில் நம் பாட்டி எல்லைக் கல்லைப்போல் நின்றுகொண்டிருப்பாள். முதல் பத்திரத்தில் புருஷன் பெயர் எல்லையாக வந்து, அடுத்த பத்திரத்தில் அதே எல்லை அவள் பெயரில் வந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவன் இறந்துவிட்டான். மூன்றாவது பத்திரத்தில் மைத்துனன் பெயர் வந்தால் மிச்சக் கதையும் விளங்கிவிடும். கிராமக் கணக்குகளான சிட்டாவும் அடங்கலும் இதற்கு மிகவும் உதவும். ஆனால் பரம்பரைக் கர்ணம் உத்தியோகத்தை 1980-ம் வருஷத்தில் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் மக்கிப் போன கணக்குகள் எத்தனையோ!

சொத்துக் கொஞ்சம் கனமாக இருந்தால் கோர்ட்டுக் கட்டும் இருக்கலாம். விதவை விற்ற நிலத்தைத் திரும்பக் கேட்கும் பங்காளி, அவள் இறந்த நாளிலிருந்து 12 வருஷத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பது அக்காலத்துக் காலவரையறை. ஆகையால் அவள் எந்த மாதம் எந்தத் திதியில் இறந்தாள் என்பதை நிரூபிப்பதற்காகக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார்கள். அவள் உயிரோடு இருந்தபோது ஒரு வேளைச் சோறு உண்டாளா என்று விசாரிக்காத மனிதர்கள்தான்! மாறுபடும் சாட்சியங்களில் அவள் யார் வீட்டில் கிடந்தாள், யார் கொள்ளி வைத்தார்கள் என்பதெல்லாம் வெளியே வரும்.

பெரிய இடத்து விதவைகளுக்கு இந்தத் துர்ப்பாக்கியம் இல்லை. ராமநாதபுரம் ராணி பார்வதவர்த்தனி நாச்சியார் ஸ்வீகாரம் எடுத்தது செல்லுமா என்ற வழக்கு லண்டன் வரையில் போய், 1868-ம் வருஷத்தில் பிரிவி கவுன்ஸிலின் தீர்ப்பாகி, சட்டப் புத்தகத்தில் நிலைத்து நிற்கிறது. வள்ளூர்ப் பாட்டி பொன்னேரி வரையில் போனாலே பெரிய காரியம்.

நிலமே இல்லாதவள் என்ன ஆனாள்? அவளைத் தேடுவதற்குத் தாது வருஷப் பஞ்சத்துக்குப் போக வேண்டும்.

1876-ம் வருஷம் மழை பொய்த்தது. 1878 வரையில் நீண்ட அந்தப் பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் மாத்திரம் சுமார் 35 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 1871-ம் வருஷத்தில் 3 கோடியே 12 லட்சமாக இருந்த ஜனத்தொகை, பத்து வருஷம் கழித்து ஏறுவதற்குப் பதில் 3 கோடியே 8 லட்சமாக இறங்கியிருந்தது. பஞ்சம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த 1877-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று டில்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்தார்கள். சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவும் அந்த வைபவத்துக்குச் சென்றிருந்தார்.

பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை, ஸர் ரிச்சர்டு டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் மேலே சொற்பக் காசும் என்று குறைத்துவிட்டார். பெண்பிள்ளைக்கு அதிலும் குறைவு. அவ்வளவு தின்று உழைக்க முடியாது என்று சென்னைச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அந்த வாதமெல்லாம் அச்சில் இருக்கிறது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியை அந்தப் பஞ்சக் கூலிகளைக் கொண்டுதான் வெட்டினார்கள். வடக்கே எண்ணூர் வழியாகப் பழவேற்காட்டுக்கு முன்னமே ஓடிக்கொண்டிருந்த கால்வாயும் அதுவுமாகச் சேர்ந்து 1878-ம் வருஷத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் என்று கவர்னரின் பெயரைப் பெற்றன. மண் சுமந்த பெண்களில் எத்தனை பேர் விதவைகள்? கவர்னர் பெயர் கால்வாயில் இருக்கிறது. கூலிக்காரிகளின் பெயர் எந்த ஏட்டிலும் நமக்குக் கிடைக்கவில்லை. கஞ்சித் தொட்டியில் கூழ் வாங்கியவர்களும் அப்படியே. நாளொன்றுக்கு இத்தனை தலை என்ற கணக்கோடு சரி.

ஆனால் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அவர்கள் ஊரில் இருக்க முடியாமல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிப் போனவர்கள். 1860-ம் வருஷம் அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16-ந் தேதி டர்பன் சேர்ந்தது. அது முதல் 1911 வரையில் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும் என்பது பிற்காலத்து விதி. அந்த எண்ணிக்கையை நிரப்புவதற்கு ஆள்கட்டிகளின் கண்ணில் முதலில் படுபவர்கள், ஆதரவற்ற விதவைகளைத் தவிர வேறு யார்?

கப்பல் ஜாபிதாவில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடலில் உள்ள அங்க அடையாளம். தோட்டக்காரர்களின் முதலைக் காப்பதற்காக எழுதி வைத்த கணக்குத்தான். ஆயினும் நம் வீட்டுப் பரணில் இருக்கும் எந்தப் பத்திரத்தைக் காட்டிலும் அதிலே அவள் முழு மனுஷியாகத் தெரிகிறாள். பத்திரத்தில் அவள் இன்னாருடைய விதவை; ஜாபிதாவில் இன்னாருடைய மகள். தகப்பன் பெயர் அங்கேதான் இருக்கிறது. நெற்றியிலோ முழங்காலிலோ இருந்த தழும்புகூட இருக்கிறது. செங்கற்பட்டு, வட ஆற்காடு ஜில்லாக்களின் கிராமங்கள் அந்த ஏடுகளில் நிறைய வருகின்றன. ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குத் திரும்பாதவர்கள்மேல் 1895-ம் வருஷத்துச் சட்டம் வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி போட்டது. 1913-ம் வருஷத்தில் காந்தியடிகளின் பின்னால் தொழிலாளரும் பெண்களும் சிறை புகுந்த காரணங்களில் அதுவும் ஒன்று. 1914-ல் வரி நீங்கியது.

எந்தக் குடும்பத்திலாவது "கடல் கடந்து போனவள் திரும்பவில்லை" என்று ஒரு பேச்சு இருக்குமானால், அதை அலட்சியம் செய்யாமல் ஊர்ப் பெயரையும் உத்தேச வயதையும் குறித்துக்கொண்டு நேட்டால், மோரிஸ் ஜாபிதாக்களைப் புரட்டுவது நலம். இப்போது அவற்றில் பல கடல் தாண்டாமலே பார்க்கக் கிடைக்கின்றன.

ஊரிலேயே இருந்தவளுக்கு வேலை பரணிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பெட்டி இறங்கியதும் ஆண்கள் சர்வே நம்பரைப் பார்க்கட்டும். பத்திரத்தின் அடியில் கீறல் இருக்கிறதா, அதன் பக்கத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று வீட்டுப் பெண்கள் பார்க்கலாம். கீறலுக்குச் சொந்தக்காரியின் பெயரை அன்றைக்கே, வீட்டில் மூத்தவர் யார் உண்டோ அவரிடம் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். "ஓ, அவளா! என் அத்தைக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்" என்று அவர் தொடங்கினால், உடனே எழுதிக்கொள்ள ஒரு பென்ஸிலையும் கையில் வைத்திருக்க வேண்டும்.